இல்லங்களில் வளரும் குழந்தைகளின் மனநலமும் மீள்திறனும்: விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழில் பகுதிக்கான விளக்கம்

பெற்றோரை இழந்த நிலையிலோ, பெற்றோரால் பராமரிக்க இயலாத நிலையிலோ குழந்தைகள் இல்லங்களில் தங்கி வளரும் குழந்தைகளுக்கு உணவு, உடை, உறைவிடம், கல்வி ஆகியவற்றைப் போலவே மனநலப் பராமரிப்பும் அடிப்படைத் தேவையாகும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இத்தேவைக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. பெற்றோரின் உயிரைப் பறித்த அதே ஓசையை அக்குழந்தை ஆண்டுதோறும் பண்டிகை ஓசையாகக் கேட்டு வளர வேண்டியுள்ளது. இல்லப் பணியாளர்கள், ஆசிரியர்கள், உறவினர்கள், நன்கொடையாளர்கள் ஆகியோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இப்பக்கத்தில் தொகுக்கப்பட்டுள்ளன.

முக்கியச் செய்திகள்

• மீள்திறன் என்பது பிறவிக் குணம் மட்டுமன்று. நிலையான ஒரு பெரியவரின் அன்பும் ஒழுங்கான அன்றாட வாழ்வும் அதனை வளர்க்கின்றன.
• பெற்றோரின் இறப்பைக் குழந்தையிடமிருந்து மறைத்தல் கூடாது. வயதுக்கு ஏற்ற எளிய சொற்களில் உண்மையைக் கூற வேண்டும்.
• வெடியோசை, கந்தக வாடை, புகை ஆகியன பழைய அச்சத்தைத் திரும்ப எழுப்பக்கூடும். தீபாவளிக் காலத்திற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.
• இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகும். உறவினர் வீட்டிலேயே குழந்தை வளர அரசு நிதியுதவித் திட்டங்கள் உள்ளன.
• உதவிக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனை எண் 14416.

இப்பகுதியின் சூழல்

சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் 1920-களில் தொடங்கியது. பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அதனைத் தொடர்ந்து வளர்ந்தன. மழை குறைந்த இக்கரிசல் பகுதியில் வேளாண்மை பொய்க்கும் ஆண்டுகளில் பல்லாயிரம் குடும்பங்களைத் தாங்குவது இத்தொழிலே. ஒரே வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்கு வேலைக்குச் செல்வது இங்கு வழக்கம். எனவே, ஒரு விபத்தில் ஒரு குழந்தை தாய், தந்தை இருவரையும் ஒரே நாளில் இழக்க நேரிடுகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகேயுள்ள அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிரிழந்தோரின் எண்ணிக்கை செய்திகளில் இடம்பெறுகிறது. அவர்கள் விட்டுச்சென்ற குழந்தைகளின் பராமரிப்போ பல ஆண்டுகள் நீளும் பணியாகும். தீக்காயத்தால் உழைக்கும் ஆற்றலை இழந்த பெற்றோரின் குழந்தைகளும் இதே நிலையில் உள்ளனர்.

முந்தைய தலைமுறையில் இப்பகுதிக் குழந்தைகள் குறித்த கவலை வேறுவிதமாக இருந்தது. அன்று குழந்தைகளே தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் ஈடுபடுத்தப்பட்டனர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு அமர்த்திய உரிமையாளர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 18 வயதுக்குட்பட்ட எவரையும் அபாயகரமான தொழிலில் ஈடுபடுத்துவது குற்றமாகும்.

மீள்திறன் என்றால் என்ன?

பெரும் துன்பத்தைச் சந்தித்த குழந்தை, காலப்போக்கில் உண்ணவும் உறங்கவும் படிக்கவும் விளையாடவும் பிறருடன் பழகவும் இயலும் நிலைக்குத் திரும்பும் ஆற்றலே மீள்திறன் எனப்படுகிறது. அழாமல் இருப்பது மீள்திறன் ஆகாது. அழுது, கேள்வி கேட்டு, கோபப்பட்டு, பின்னர் ஆறுதலை ஏற்றுக்கொள்ளும் குழந்தையே மீண்டுவரும் பாதையில் உள்ளது.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த ஏறத்தாழ 700 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் வளர்ந்தனர். அவர்களுக்குப் பொதுவாக அமைந்திருந்தவற்றுள் முதன்மையானது, தம்மீது அக்கறை கொண்ட நிலையான பெரியவர் ஒருவரின் துணையாகும். அப்பெரியவர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, அத்தை, ஆசிரியர் எவராகவும் இருக்கலாம்.

மறுபுறம், ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் அனுப்பப்பட்டவர்கள், இல்லத்திலேயே தொடர்ந்தவர்களைவிட நல்ல வளர்ச்சி பெற்றனர். ஊட்டமும் தூய்மையும் மட்டும் போதாது என்பதையும், தனக்கென ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு குழந்தைக்கு இன்றியமையாதது என்பதையும் இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

இழப்பு குழந்தையின் மனத்தில் எவ்வாறு பதிகிறது?

இறப்பைப் பற்றிய புரிதல் வயதுக்கேற்ப மாறுபடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, இறந்தவர் திரும்பி வருவார் என எதிர்பார்க்கும். ஐந்து முதல் ஒன்பது வயது வரை, இறப்பு நிலையானது என்னும் புரிதல் படிப்படியாக உருவாகும். அதற்கு மேற்பட்ட வயதினர் இறப்பைப் பெரியவர்களைப் போலவே அறிவர். ஆனால் துயரத்தைத் தாங்கும் பக்குவம் அவர்களுக்கு இன்னும் முழுமையாக வந்திருக்காது.

வெடிவிபத்தில் ஏற்படும் இழப்புக்குச் சில கூடுதல் சுமைகள் உண்டு.

• திடீர்த் தன்மை: காலையில் தூக்குவாளியுடன் வேலைக்குச் சென்றவர் திரும்பவில்லை. விடைபெறும் வாய்ப்பே குழந்தைக்குக் கிடைப்பதில்லை.
• முகம் காணாமை: உடல் சிதைந்த நிலையில் குழந்தைக்குக் காட்டப்படுவதில்லை. அதனால் "இறந்தது வேறு யாரோ" என்ற நம்பிக்கை நெடுநாள் நீடிக்கலாம்.
• குற்ற உணர்வு: "நோட்டு வாங்கப் பணம் கேட்டேன், அதனால்தான் அம்மா அன்று வேலைக்குப் போனாள்" எனக் குழந்தை தன்னையே பழித்துக்கொள்ளலாம். இவ்வெண்ணத்தைக் குழந்தை தானாக வெளியே சொல்வது அரிது.
• பல இழப்புகள்: பெற்றோருடன் வீடு, தெரு, பள்ளி, தோழர்கள், சில வேளைகளில் உடன்பிறந்தோர் என அனைத்தையும் குழந்தை ஒரே வாரத்தில் இழக்கிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

துயரம் நோயன்று. இழப்புக்குப் பின் முதற்சில வாரங்களில் கீழ்க்காணும் மாற்றங்கள் தோன்றுவது இயல்பு. அவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தாலோ, கடுமையானாலோ, படிப்பையும் உறக்கத்தையும் தொடர்ந்து பாதித்தாலோ மனநல உதவி தேவை.

ஆறு வயதுக்குட்பட்டோர்: நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், விரல் சூப்புதல், பேச்சு குறைதல், பராமரிப்பாளரை விட்டு அகலாமை, வெடிவிபத்தையே திரும்பத் திரும்ப விளையாட்டாக நடித்தல்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை: காரணம் காண இயலாத வயிற்றுவலி, தலைவலி, கெட்ட கனவு, படிப்பில் பின்னடைவு, உணவைப் பதுக்கிவைத்தல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல்.

பதின்பருவத்தினர்: தனித்திருத்தல், எரிச்சல், இல்லத்தை விட்டு ஓடிப்போக முயலுதல், புகையிலை அல்லது மதுப் பழக்கம், "படித்து என்ன பயன்" என்ற விரக்தி, தம்பி தங்கையின் பொறுப்பு முழுவதையும் தானே சுமத்தல்.

இரு நிலைகள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. எவருக்கும் தொந்தரவு தராமல் அமைதியாக இருக்கும் குழந்தை "நன்றாகப் பழகிவிட்டது" எனக் கருதப்படுகிறது. உண்மையில் அது துயரத்தை அடக்கிக்கொண்டிருக்கலாம். முதன்முறை வரும் விருந்தினரையும் ஓடிச்சென்று கட்டிக்கொள்ளும் சிறு குழந்தை "மகிழ்ச்சியாக உள்ளது" எனக் கருதப்படுகிறது. நிலையான உறவு அமையாததால் எவரிடமும் அன்பைத் தேடும் நிலையாகவும் அது இருக்கலாம்.

இறப்பைக் குழந்தையிடம் எவ்வாறு கூறுவது?

குழந்தைக்கு நன்கு அறிமுகமான ஒருவர், அமைதியான இடத்தில், குழந்தையின் அருகில் அமர்ந்து கூற வேண்டும். "அம்மா இறந்துவிட்டார். ஆலையில் பெரிய வெடிவிபத்து நடந்தது. அவருடைய உடலுக்கு மிகப் பெரிய காயம் ஏற்பட்டது. மருத்துவர்களால் காப்பாற்ற இயலவில்லை. இனி அவர் வரமாட்டார். உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பது போன்ற தெளிவான சொற்கள் போதும்.

"வெளியூர் போயிருக்கிறார்", "தூங்குகிறார்", "சாமியிடம் போய்விட்டார்" போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, குழந்தையைக் காத்திருக்க வைக்கிறது. இரண்டாவது, உறங்குவதற்கே அஞ்சச் செய்கிறது. மூன்றாவது, கடவுள் தன் தாயைப் பறித்துக்கொண்டார் என்ற கோபத்தை உண்டாக்கலாம். உண்மை எப்படியும் பள்ளியிலோ தெருவிலோ தெரியவரும். அப்போது பெரியவர்கள்மீது இருந்த நம்பிக்கையையும் குழந்தை இழக்கும்.

அதே உரையாடலில், "உன்னால் இது நடக்கவில்லை. நீ கேட்டதாலோ, செய்ததாலோ, கோபப்பட்டதாலோ நடந்ததில்லை" என்பதைக் குழந்தை கேட்காவிட்டாலும் கூற வேண்டும். ஒருமுறை கூறினால் போதாது. குழந்தை வளர வளர அதே கேள்வியைப் புதிய பொருளில் மீண்டும் கேட்கும். ஒவ்வொரு முறையும் பொறுமையாக விடையளிக்க வேண்டும்.

இல்லத்தின் அன்றாட வாழ்வில் செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பான பணியாளர் ஒருவர் இருத்தல் நன்று. அவர் நாள்தோறும் பத்து நிமிடமாவது அக்குழந்தையுடன் மட்டும் பேச வேண்டும். அவர் விடுப்பில் செல்லும்போது, "எப்போது திரும்புவேன்" என்பதைக் கூறிச்செல்ல வேண்டும். கூறிய நாளில் திரும்ப வேண்டும்.
• எழுதல், உண்ணுதல், படித்தல், விளையாடுதல், உறங்குதல் ஆகியவற்றுக்கு ஒழுங்கான நேரம் இருத்தல் வேண்டும். அடுத்து நடப்பது என்னவென்று தெரிந்திருப்பது, திடீர் இழப்பைக் கண்ட குழந்தைக்கு ஆறுதல் தரும்.
• உடன்பிறந்தோரை ஒரே இல்லத்தில் தங்கவைக்க முயல வேண்டும். இயலாதபோது, அவர்கள் முறையாகச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.
• பெற்றோரின் நிழற்படம், அம்மாவின் சேலைத் துண்டு, அப்பாவின் கைக்கடிகாரம் போன்ற நினைவுப் பொருள்களைக் குழந்தை தன்னுடன் வைத்துக்கொள்ள இடமளிக்க வேண்டும். நினைவு நாளில் விளக்கேற்றவோ, விரும்பிய வகையில் நினைவுகூரவோ உதவ வேண்டும்.
• இருக்கன்குடி ஆடித் திருவிழா, பங்குனிப் பொங்கல் போன்ற விழாக்களுக்கு உறவினருடன் சென்றுவர, குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியுடன் வழிசெய்யலாம். ஊருடனான தொடர்பு அறுபடாதிருத்தல் மீள்திறனுக்குத் துணைபுரியும்.
• அடித்தல், உணவை மறுத்தல், பிறர் முன்னிலையில் இழிவுபடுத்துதல் ஆகியன மனக்காயத்தை ஆழமாக்கும். இல்லங்களில் உடல்ரீதியான தண்டனை சட்டப்படி குற்றமாகும்.
• சட்ட விதிகளின்படி ஒவ்வொரு இல்லத்திலும் குழந்தைகள் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். உணவு முதல் விளையாட்டு வரை தம் கருத்துக்கு மதிப்புண்டு என்பதைக் குழந்தை உணர்வது தன்னம்பிக்கையை வளர்க்கும்.

தீபாவளிக் காலம்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிவகாசிச் சாலைகள் முழுவதும் பட்டாசுக் கடைகளாகவும் விளம்பரங்களாகவும் காட்சியளிக்கும். விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைக்கு ஆண்டின் மிகக் கடினமான காலம் இதுவாக இருக்கலாம். மூளை, ஆபத்துடன் இணைந்த ஓசையையும் வாடையையும் ஆழமாகப் பதிந்துவைக்கிறது. எனவே சரவெடியின் ஓசை கேட்டவுடன், தான் பாதுகாப்பாக இருப்பதை அறிந்திருந்தும் குழந்தையின் இதயம் படபடக்கும், உடல் நடுங்கும், வியர்க்கும். இது கோழைத்தனம் ஆகாது; கேலி செய்தல் கூடாது.

முன்கூட்டியே செய்யத்தக்கவை:

• தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க நேரம் வரையறுக்கப்பட்டு வருகிறது. அந்நேரங்களைக் குழந்தையிடம் முன்னதாகவே கூற வேண்டும். எதிர்பார்த்திருக்கும் ஓசை, எதிர்பாராத ஓசையைவிடக் குறைந்த அச்சத்தையே தரும். வரையறுத்த நேரத்திற்கு வெளியேயும் ஓசை எழக்கூடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.
• அந்நேரங்களில் உள்ளறையில் சன்னல்களை மூடி, பாட்டு, கதை, பலகாரம் செய்தல் போன்றவற்றில் ஈடுபடுத்தலாம்.
• அச்சம் எழும்போது மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடப் பழக்கலாம். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் செய்வதும் கவனத்தை நிகழ்காலத்திற்குத் திருப்பும்.
• "பழகட்டும்" எனக் கட்டாயப்படுத்தி வெடிக்கச் செய்தல் கூடாது. பங்கேற்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.
• இல்லங்களுக்குப் பட்டாசுப் பெட்டிகளை நன்கொடையாக அளிப்பதைத் தவிர்க்க வேண்டும். புத்தாடை, நூல்கள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றை இல்ல நிருவாகத்தைக் கலந்து வழங்கலாம்.

குடும்பச் சூழலிலேயே வளர வழிகள்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். இல்லத்தில் சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும். மனநலத் தேவையும் குடும்பத்துடன் மீண்டும் இணைப்பதற்கான வழியும் அத்திட்டத்தில் இடம்பெறுதல் அவசியம்.

பாட்டியோ சித்தியோ மாமாவோ வளர்க்க முன்வந்தும் வறுமை தடையாக இருப்பின், கீழ்க்காணும் உதவிகளைக் கோரலாம்.

• மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டம்: தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். உறவினர் பராமரிப்பில் வளரும் ஆதரவற்ற குழந்தை, கணவரை இழந்த தாயின் குழந்தை, உடல் செயலிழந்த பெற்றோரின் குழந்தை ஆகியோர் கருதப்படுவர். ஆண்டு வருமான வரம்பு ஊரகப் பகுதியில் 72,000 ரூபாய். பிற பகுதிகளில் 96,000 ரூபாய்.
• அன்புக் கரங்கள் திட்டம்: 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இத்திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது.
• பட்டாசு ஆலை விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் கல்விச் செலவை, உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார்.

விண்ணப்பிக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும்.

பதினெட்டு வயதை நெருங்கும்போது

இல்லத்தை விட்டு வெளியேறும் நாள் இரண்டாவது இழப்பாக அமையக்கூடும். வீடும் வழிகாட்டியும் இல்லாத இளைஞர், பெற்றோர் உயிரிழந்த அதே தொழிலுக்குப் பிழைப்புக்காகத் திரும்ப நேரிடலாம். எனவே பதினாறு வயதிலிருந்தே வங்கிக் கணக்கு, ஆதார், சாதிச் சான்றிதழ், சமையல், பயணம், தொழிற்பயிற்சி அல்லது கல்லூரித் தேர்வு ஆகியவற்றுக்குத் திட்டமிட வேண்டும். மிஷன் வாத்சல்யாவின் பிற்காப்புத் திட்டத்தில் 21 வயது வரையும், சிறப்பு நேர்வுகளில் 23 வயது வரையும் உதவி பெற இயலும். வெளியேறிய பின்னும் இல்லத்திற்கு வந்துசெல்லவும் தொலைபேசியில் பேசவும் வழி திறந்திருக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறந்த பெற்றோரைப் பற்றிப் பேசினால் குழந்தையின் துயரம் கூடாதா?

கூடாது. குழந்தை ஏற்கனவே அவர்களை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பேச இடம் கிடைக்கும்போது தனிமை குறைகிறது. ஆனால் பேசும்படி வற்புறுத்துதல் கூடாது. வரைதல், விளையாட்டு, கதை ஆகியனவும் வெளிப்பாட்டு வழிகளே.

பார்வையாளர்கள் குழந்தைகளிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?

"உன் பெற்றோருக்கு என்ன ஆயிற்று?" எனக் கேட்டல் கூடாது. ஒவ்வொரு பார்வையாளருக்கும் அதே கதையைச் சொல்வது காயத்தை மீண்டும் கிளறும். நிறைவேற்ற இயலாத வாக்குறுதிகளை அளித்தல் கூடாது. குழந்தையின் பெயர், படம், அடையாளம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடச் சட்டப்பிரிவு 74 தடை விதிக்கிறது. சமூக ஊடகங்களிலும் பகிர்தல் கூடாது.

உறவினர் சந்தித்துச் சென்றபின் குழந்தை அழுகிறது. சந்திப்பை நிறுத்தலாமா?

நிறுத்துதல் கூடாது. அவ்வழுகை உறவு உயிர்ப்புடன் இருப்பதன் அடையாளம். அடுத்த சந்திப்பு நாளை நாட்காட்டியில் குறித்துக் காட்டுவது ஆறுதல் தரும். உறவினரால் குழந்தைக்குத் தீங்கு நேர்வதாக ஐயம் எழுந்தால் மட்டும் குழந்தைகள் நலக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும்.

பராமரிப்பாளர்களுக்கும் உதவி தேவையா?

ஆம். நாள்தோறும் பிறர் துயரைக் கேட்போர் சோர்வடைவது இயல்பு. பணியாளர்களும் இதே ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் சிலர் தம் உறவினரையும் விபத்தில் இழந்திருக்கலாம். ஓய்வு, சக பணியாளருடன் பகிர்தல், தேவையெனில் மனநல ஆலோசனை ஆகியன அவர்களுக்கும் உரியவை.

எப்போது உடனடியாக உதவி நாட வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் காத்திருத்தல் கூடாது.

• சாக வேண்டும் என்றோ, பெற்றோரிடம் போய்விட வேண்டும் என்றோ குழந்தை கூறுதல்
• தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல்
• உணவையும் பேச்சையும் முற்றிலும் நிறுத்திவிடுதல்
• இல்லாத ஓசைகளையோ உருவங்களையோ கேட்பதாக, காண்பதாகக் கூறுதல்
• உடல் அல்லது பாலியல் துன்புறுத்தல் குறித்து வெளிப்படுத்துதல்

இந்நிலைகளில் குழந்தையைத் தனியே விடாமல், உடன் ஒருவர் இருக்க வேண்டும். "அப்படிச் சொல்லாதே" எனத் தடுக்காமல், சொல்வதை முழுமையாகக் கேட்டு, உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். பாலியல் துன்புறுத்தல் குறித்து அறியவந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயமாகும்; 1098 எண்ணிலும் உதவி கோரலாம்.

தொடர்பு எண்கள்

குழந்தைகள் உதவி எண்: 1098
தொலைபேசி மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
மருத்துவ ஆலோசனை: 104
அவசர உதவி: 112

1098, 14416, 112 ஆகியவை 24 மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லா எண்களாகும். நேரில் சிகிச்சை பெற, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ அணுகலாம்.